வெள்ளிக்கிழமை வேத வாசிப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. வெள்ளிக்கிழமை மாலைகளில் வீடு மாறி வீடு கூடி வேதம், அதாவது பைபிள், வாசிக்கிறோம். அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் இருப்பதால் கேள்விகளும் என்னிடம்தான் வருகின்றன: கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது, இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. நான் பாஸ்டர் அல்ல. பதில்கள் ஒரு விசுவாசி வாசித்து, யோசித்து, ஜெபித்துச் சொல்பவை.

அக்கா, பைபிளை எங்கேருந்து ஆரம்பிக்கிறது? ஆதியாகமத்துல ஆரம்பிச்சா பாதியில நின்னுடுது.

மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் சிறியது அதுதான், பதினாறே அதிகாரம். இயேசு நடந்துகொண்டே இருப்பார். பேச்சைவிடச் செயல் அதிகம். அது முடிந்ததும் லூக்கா, அதன் தொடர்ச்சியாக அதே ஆசிரியர் எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள். பழைய ஏற்பாட்டுக்குள் நுழைய ரூத் நல்ல வாசல். நான்கு அதிகாரம்தான். பிழைப்புக்காக ஊர் மாறிப் போன குடும்பம், விதவையான மருமகள், அறுவடை வயலில் கதிர் பொறுக்குதல். நம் ஊரில் யாருக்கும் அது அந்நியமான கதை இல்லை.

ஆதியாகமத்தில் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. பலிகளின் சட்டங்கள் ஏன் இருக்கின்றன என்பது சுவிசேஷத்தை அறிந்த பிறகு இன்னும் நன்றாகப் புரியும்.

வேலை முடிஞ்சு வந்தா கண்ணு சொருகுது. தினம் ஒரு அதிகாரம் படிக்கணும்னு கட்டாயமா?

இல்லை. 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். அதுவும் முழுச் சங்கீதம்தான். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். இரண்டையும் ஒரே நாள் கணக்கில் அடைக்க முடியாது. ஷிப்டு வேலை செய்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு பத்தி வாசியுங்கள், சத்தமாக வாசியுங்கள். வாய் வாசித்தால் தூக்கம் கொஞ்சம் தள்ளி நிற்கும். வாசிக்கவே முடியாத நாளில் கைப்பேசியில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கேளுங்கள். ஆதிச் சபையில் பலர் கடிதங்களை யாரோ வாசிக்கத்தான் கேட்டார்கள்.

பழைய தமிழ் புரியவே மாட்டேங்குது. புது மொழிபெயர்ப்பு வாங்கினா பாவமா?

பாவமே இல்லை. நாம் கையில் வைத்திருக்கும் 'பழைய' வேதாகமமே பலமுறை திருத்தப்பட்டு வந்ததுதான். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். பிறகு பப்ரிசியஸ் அந்த வேலையை எடுத்துச் செய்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர்; சைவத்துக்காக வாழ்ந்த அந்தப் பெரியவரின் உழைப்பு தமிழ் வேதாகம வரலாற்றில் இருக்கிறது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். இன்று நாம் அதிகம் வாசிக்கும் பதிப்பு ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுத் திருத்தம். 1995இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்த திருவிவிலியம் வெளிவந்தது.

என் யோசனை: மனப்பாடம் செய்யப் பழையது, புரிந்துகொள்ளப் புதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குத் தமிழ் படிக்க வராது. இங்கிலீஷ்லயும் மலாய்லயும்தான் படிப்பான். அவனை எப்படிக் கூட்டத்துக்கு அழைச்சிட்டு வர்றது?

அவனுக்குப் புரியும் மொழியில் வாசிக்க விடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். சுட்டுவிரலை வரியின் அடியில் வைத்து நகர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் முதலில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சத்தமாக வாசிப்பார். அவர் ஒரு பத்தி தமிழில் முடித்ததும் பேரன் அதே பத்தியைக் கைப்பேசியிலிருந்து ஆங்கிலத்தில் வாசிப்பான். 'இதுல என்ன சொல்லியிருக்கான்?' என்று பாட்டி கேட்பார்; அவன் தன் தமிழில் விளக்குவான். அந்த விளக்கம் சில நாள் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுங்கள், வேண்டும். ஆனால் எழுத்து வரும்வரை வேதத்தைப் பூட்டி வைக்க வேண்டாம்.

பெரியம்மா குடும்பம் கத்தோலிக்கம். அவங்க பைபிள்ல புத்தகம் அதிகமா இருக்கே, அது எப்படி?

நம்முடையதில் 66, அவர்களுடையதில் 73. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் வித்தியாசமே இல்லை. பழைய ஏற்பாட்டில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் புத்தகங்கள் என ஏழு கூடுதல். எஸ்தரிலும் தானியேலிலும் சில பகுதிகளும் உண்டு. யூதர்களின் கிரேக்க வேதாகமத்தில் இருந்தவை இவை, எபிரெயத் தொகுப்பில் இல்லாதவை. லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் வேதாகமத்தில் இவற்றைத் தனியாக, இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரிதெந்து சங்கத்தில் இவற்றை வேதத்தின் பகுதி என்று உறுதிசெய்தது.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் பெரியம்மா கூப்பிட்டால், புத்தகக் கணக்கை வைத்துச் சண்டை போடாதீர்கள். மலைப்பிரசங்கம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

வருஷப் பிறப்புக்கு எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமா வந்துச்சு. இந்த வருஷம் எல்லாம் நல்லா நடக்கும்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புத்தாண்டுக்குக் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையில் இருப்பது ஒரே வசனம்: 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தான். கேட்க இனிப்பான செய்தி, ஆனால் பொய். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். பதினோராம் வசனத்துக்கு முந்திய வசனத்தில்தான் அந்த எழுபது இருக்கிறது. அதாவது, கடிதம் கேட்டவர்களில் பலர் அந்தத் திரும்புதலைப் பார்க்காமலே பாபிலோனில் கண் மூடுவார்கள். அவர்களுக்குத்தான் இந்த வாக்குத்தத்தம்.

அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது ஐந்து முதல் ஏழாம் வசனம் வரை. இதை வாசிக்கும்போது நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, நாலு காசு சேர்த்துத் திரும்பிவிடலாம் என்று வந்த நம் தாத்தாக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திரும்பாமல் லயத்து வீட்டு வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டவர்கள் அவர்கள்.

ஆக, இந்த வருடம் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. நீண்ட காலம் கஷ்டம் இருந்தாலும் தேவன் உங்களை மறக்கவில்லை என்று சொல்கிறது. எனக்கு இது அட்டையில் இருப்பதைவிடப் பெரிய ஆறுதல். அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அட்டை வந்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

ஒரு வசனத்தை மட்டும் எடுத்தா என்ன தப்பு? எல்லாமே தேவ வசனம்தானே?

எல்லாம் தேவ வசனம்தான், எழுதப்பட்ட இடத்தோடு சேர்த்து. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனம்தான் சொன்னான். 91ஆம் சங்கீதத்திலிருந்துதான் எடுத்துச் சொன்னான். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பாருங்கள்.

இன்னொன்று, எண்கள் வேதத்தோடு வந்தவை அல்ல. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தவை என்பார்கள். புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்களை 1551இல் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர். தேடி எடுக்க வசதி, அவ்வளவுதான். பவுல் பிலிப்பியருக்கு எழுதியது எண் போட்ட வாக்கியங்கள் இல்லை, ஒரு கடிதம். 'எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற 4:13 பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் எழுதிக் கொடுப்பது. அதற்கு முந்திய இரண்டு வசனங்களில், சிறையிலிருக்கும் பவுல் பட்டினியாக இருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். பாஸானாலும் பெயிலானாலும் தாங்க பெலன் உண்டு என்று பிள்ளைக்குச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

மத்தேயு 20ல காலையில வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலியாம். இது நியாயமாக்கா? எங்க தோட்டத்துல இப்படிச் செஞ்சா சும்மா விடுவோமா?

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இந்த உவமையை விட்டுவைப்பதே இல்லை. எனக்கும் அது பிடிக்கும், ஏனென்றால் கூலி என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கதை உறுத்தும்.

முதலில் கதையைச் சரியாகப் பார்ப்போம். வீட்டெஜமான் விடியற்காலையில் போய் ஆள் பிடிக்கிறான், நாளுக்கு ஒரு பணம் என்று பேசி. மறுபடி மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, கடைசியாகப் பதினோராம் மணி. நம் கணக்கில் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று, மாலை ஐந்து. ஐந்து மணிக்கு இன்னும் சந்தையில் நிற்கிறவர்களிடம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் என்று கதையில் எங்கேயும் இல்லை.

விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றவர்களுக்கு இது புரியும். பெயர் கூப்பிடுவார்கள், வயதானவர், உடம்புக்கு முடியாதவர், வேலை வாங்கும் தண்டலுக்குப் பிடிக்காதவர் கடைசியில் நிற்பார். மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது, அன்றைய கூலி போச்சு. ஆனால் வீட்டில் அரிசிக்கு அன்றைக்கும் அதே அளவுதான் வேண்டும். ஒரு பணம் என்பது ஒரு குடும்பம் ஒரு நாள் பசியாறும் கூலி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்து அனுப்பினால் கணக்கு சரியாக இருக்கும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

காலையில் வந்தவனுக்கு எஜமான் ஒரு காசு குறைக்கவில்லை. பேசியதைக் கொடுத்தான். பேசியதைக் கொடுக்காதவனை வேதம் விடுவதில்லை: பொழுது போகும் முன்னே கூலி கொடுக்க வேண்டும் என்கிறது உபாகமம் 24:15, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. அதனால் இந்த உவமையைக் காட்டி 'கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ' என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. இது தேவனுடைய தயவைப் பற்றியது. சிறு வயதிலிருந்து சபைக்கு வருகிற எனக்கும், போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவருக்கும் ஒரே பரலோகம். அதில் எனக்கு எரிச்சல் வந்தால், நான் இன்னும் காலை ஆள்களின் வரிசையில் நிற்கிறேன் என்று அர்த்தம்.

தைப்பூசத்துக்கு அத்தை வீட்டுல பிரசாதம் குடுக்குறாங்க. வேணாம்னா அத்தை மூஞ்சி வாடிப் போகுது. சாப்பிடலாமா கூடாதா?

கொரிந்து சபையில் இதே பிரச்சினைதான். பவுல் 1 கொரிந்தியரில் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் பேசுகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சாப்பாடு நம்மைத் தேவனிடத்தில் சேர்ப்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை என்கிறார். அதே சமயம் பலிபீடத்தில் பங்கெடுக்காதே என்றும் சொல்கிறார். விசுவாசி அல்லாதவர் விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே.

என் வழக்கம் இது. தீபாவளிக்கு அத்தை வீட்டு முறுக்கும் ஆட்டுக்கறியும் சந்தோஷமாகச் சாப்பிடுவேன். பிரசாதம் என்று சொல்லித் தந்தால், 'இது மட்டும் வேண்டாம் அத்தை, சோறு போடுங்க, சாப்பிட்டுட்டுத்தான் போவேன்' என்பேன். உட்கார்ந்து சாப்பிட்டால் அத்தைக்கு மனம் ஆறிவிடும். அந்த நேரத்தில் பிரசங்கம் செய்யாதீர்கள். வேறு விதமாக முடிவெடுத்த விசுவாசிகளும் உண்டு. அவர்களைக் குற்றவாளியாக்க ரோமர் 14 எனக்கு அனுமதி தரவில்லை.

யூதாஸ் நாண்டுக்கிட்டு செத்தான்னு மத்தேயுல இருக்கு, அப்போஸ்தலர்ல தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சான்னு இருக்கு. எது உண்மை?

மத்தேயு 27:5, அப்போஸ்தலர் 1:18. தொங்கிய உடல் பிறகு விழுந்தது என்று இரண்டையும் இணைப்பவர்கள் உண்டு, இருக்கலாம். நான் அதை வற்புறுத்த மாட்டேன். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் நோக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

மத்தேயு வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 26ஆம் அதிகாரம் பேதுரு மனங்கசந்து அழுவதோடு முடிகிறது. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே யூதாஸ் காசைத் திருப்பிக் கொண்டுவருகிறான். இருவரும் துரோகம் செய்தவர்கள், இருவரும் மனம் வருந்தியவர்கள். ஒருவன் இயேசுவைக் கொல்லத் தீர்மானித்தவர்களிடம் போய்த் தன் பாவத்தைச் சொன்னான். அவர்கள் 'எங்களுக்கென்ன' என்றார்கள். மற்றவன் உயிர்த்த ஆண்டவரைக் காணும்வரை இருந்தான். வாலிபர்கள் மத்தியில் இந்தப் பகுதியை வாசிக்கும்போது நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். தப்பு செய்துவிட்டு வெளியே சொல்ல முடியாமல் இருக்கும் பிள்ளை யாராவது அங்கே இருக்கலாம்.

சபையே ஜெபிச்சும் அம்மா போயிட்டாங்க. விசுவாசம் போதலைன்னு ஒருத்தங்க சொன்னாங்க. உண்மையா?

இல்லை. தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன வேதனையை நீக்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில் மட்டும் வந்தது. தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டு வந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லையா? யோபுவிடம் நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல் கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது (42:7). 'ஏன்' என்று கத்திய யோபு சரியாகப் பேசினான் என்கிறார்.

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில் ஜெபமாக வைக்கப்பட்டிருக்கிறது. துக்க வீட்டுக்குப் போகும் நம் ஆட்களிடமும் சொல்கிறேன்: விளக்கம் கொண்டுபோகாதீர்கள், தண்ணீர் காய்ச்சிக் கொடுங்கள், பாத்திரம் கழுவுங்கள், கேட்டால் இந்தச் சங்கீதத்தை வாசியுங்கள்.

எனக்குச் சில நாள் தேவன் இருக்காரான்னே சந்தேகமா இருக்கு. கூட்டத்துக்கு வரலாமா?

வாருங்கள். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்ற தகப்பனின் பிள்ளையை இயேசு சுகமாக்கினார் (மாற்கு 9). தோமாவை அவர் திட்டி வெளியே அனுப்பவில்லை, காயத்தைக் காட்டினார். அந்தத் தோமாதான் நம் தமிழ் மண்ணுக்கு வந்து மயிலாப்பூரில் அடக்கமானார் என்பது பழைய பாரம்பரியம்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், தசமபாகம் குடுக்காததாலதான் கடன் தீரலைன்னு சொன்னாரு. ஊழியக்காரரைக் கேள்வி கேக்கலாமா?

கேட்கலாம், மரியாதையாக. பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே, இப்படித்தானா என்று தினமும் வேதத்தில் ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11.

அவர் காட்டியது, தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10ஆக இருக்கும். எரேமியாவுக்குச் செய்ததையே இங்கும் செய்யுங்கள்: முன்னால் போய் 3:5ஐ வாசியுங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளை ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தேவன் சாட்சியாக வருகிறார். அந்த வசனத்தை விட்டுவிட்டு, கடனில் இருக்கும் கூலிக்காரரிடம் பத்தாம் வசனத்தை மட்டும் நீட்டுவது சரியில்லை. நானும் காணிக்கை கொடுக்கிறேன், மனமுவந்துதான். பயத்தில் கொடுக்காதீர்கள். கடனுக்கு வட்டி, தவணை எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அதற்கும் கூட்டத்தில் ஆள் இருக்கிறார்கள்.

பிள்ளைங்க எல்லாம் கேஎல், பினாங்கு, சிங்கப்பூர்னு போயிட்டாங்க. எங்க பக்கம் ரெண்டு பொம்பளைங்கதான் மிச்சம். கூட்டம் நடத்தணுமா?

நடத்துங்கள். பிலிப்பியில் பவுல் போய் உட்கார்ந்தது ஆற்றங்கரையில் கூடியிருந்த சில பெண்களிடம்தான் (அப்போஸ்தலர் 16). மேலே சொன்ன, பிலிப்பியருக்கு எழுதிய அந்தச் சிறைக் கடிதம் அங்கே உண்டான சபைக்கு வந்தது.

இரண்டு பேருக்கு யாக்கோபு நிருபம் நன்றாக இருக்கும், ஐந்து அதிகாரம். ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் நிறுத்திக் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் குறித்து வைத்து அடுத்த வெள்ளிக்கிழமை எங்களோடு வந்து உட்காருங்கள். பஸ் இல்லை என்றால் முதல் நாளே சொல்லுங்கள், கார் அனுப்புகிறோம்.